நேரடித் தொடர்பு கூடாது

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது தயாபரன் இல்லை. லீவு போட்டவரைப் போல இல்லை, பெயரே இல்லை. கம்பெனியின் உரையாடல் பக்கத்தில் இடது ஓரம் எங்கள் மூன்று பேரின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பிரசன்னா, தயாபரன், செண்பகவல்லி. இன்று பிரசன்னாவுக்கு அடுத்து நான் இருந்தேன்.

பிரசன்னா சென்னையில் இருக்கிற மேனேஜர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவர் காண்ட்ராக்ட்ட க்ளோஸ் பண்ணிட்டோம் மேடம். அவர் பார்த்த வேலையை நீங்க எடுத்துக்குங்க. ஒரு வாரம் போதும்ல?"

போதும் என்றேன்.

இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நான் கோவில்பட்டியில் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். தயாபரன் இலங்கையில், வவுனியாவில். இரண்டு பேருமே கம்பெனியின் ஊழியர்கள் இல்லை. ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் இணையதளம் ஒன்றின் வழியாக வந்த ஒப்பந்தக்காரர்கள். பள்ளி வேன் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோரின் போனில் காட்டும் ஆப் ஒன்றை இரண்டரை வருடமாகச் சேர்ந்து எழுதினோம். நேரில் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் இணையம் மெதுவாக வரும் என்று கேமராவை அணைத்தே வைத்திருப்பார். குரல் மட்டும்தான்.

நகராட்சித் தண்ணீர் வந்தது. டிரம் எல்லாம் நிரப்பினேன்.

பிப்ரவரி 4, புதன்

பெயர் திரும்ப வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

எதற்காக அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இந்த டைரியிலும் இரண்டு பக்கம் ஓட்டிவிட்டேன்.

வேன் இருக்கும் இடத்தை ஆப் பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்டுப் புதுப்பிக்கும். ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் வரைபடம் தருகிற கம்பெனிக்குக் கட்டணம் உண்டு. போன செப்டம்பரில் பிரசன்னா எங்கள் இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டு, இனி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்றார்.

"மூண்டு நிமிசத்தில வான் எவ்வளவு தூரம் போயிடும்? பிள்ளையள் ஏறி இறங்கிற விசயம்" என்றார் தயாபரன். பிரசன்னா ஒத்துக்கொள்ளவில்லை. தயாபரன் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். "நான் சொல்றதைச் செய்யுங்க சார், பொறுப்பு என்னோடது" என்று பிரசன்னா முடித்தார். தயாபரன் செய்தார். அந்த அழைப்பில் இருந்தது நாங்கள் மூன்று பேர் மட்டும். பதிவு எதுவும் கிடையாது.

நவம்பரில் ஒரு மாலை, வேன் இரண்டு தெரு தள்ளி இருப்பதாக ஒரு தாயின் போன் காட்டியது. வேன் அதற்குள் குழந்தையை இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பள்ளி ஆப் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கம்பெனிக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

அவருடைய ப்ரோகிராமைப் படிக்கத் தொடங்கினேன். அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமைப் படிப்பது அடுத்தவர் சமையலறையில் சமைப்பது போல. உப்பு எங்கே, மிளகு எங்கே என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அவருடையதில் அந்தச் சிரமமே இல்லை. கை நீட்டிய இடத்தில் பொருள் இருந்தது.

வரிகளுக்கு நடுவே குறிப்பு எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. அவர் எனக்கு மட்டும் வேண்டியதைத் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

"செண்பகா, இதைத் தொட முதல் என்னட்டக் கேளுங்கோ."

எங்கே கேட்பேன்? தொடாமல் மூடிவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

கோமதி அக்கா வந்திருந்தாள். அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வந்தவள், என் முகத்தையும் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, ரெண்டரை வருசம் ஒண்ணா வேலை பாத்திருக்க, ஒரு போன் நம்பர் வாங்கலயா?"

"ஒப்பந்தத்துல கூடாதுன்னு இருக்குக்கா."

"என்ன கூடாது?"

எடுத்துக் காட்டினேன். கம்பெனிக்கு வேலை செய்யும் மற்ற ஒப்பந்தக்காரர்களுடன், வேலை நடக்கும்போதும் முடிந்து இரண்டு வருடம் வரைக்கும், கம்பெனி வழியாக அல்லாமல் நேரடித் தொடர்பு வைக்கக் கூடாது. நாங்கள் சேர்ந்துகொண்டு வாடிக்கையாளரைத் தனியாகப் பிடித்துவிடுவோம் என்ற பயம். கையெழுத்துப் போட்ட அன்று அந்தப் பக்கத்தை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. யாரோ முகம் தெரியாத ஆளோடு எனக்கு என்ன பேச்சு என்று நினைத்திருப்பேன்.

அக்கா காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். "கல்யாணப் பத்திரத்துலகூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு விவாகரத்து ஆகி எட்டு வருடம் ஆகிறது, இன்னும் இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

தயாபரனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒருநாள் கூட்டம் நீண்டுகொண்டே போனபோது, "மகள் பள்ளிக்கூடத்தால வாற நேரம், நான் சமைக்கோணும்" என்று சொல்லிவிட்டு அழைப்பிலிருந்து விலகினார். 'நான்' என்று சொன்னார். அந்த வீட்டில் சமைக்க வேறு ஆள் இல்லை என்று புரிந்துகொண்டேன். கூட்டக் குறிப்பில் எழுத வேண்டிய விஷயம் இல்லை அது. ஆனால் ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

பிரசன்னா கூப்பிட்டார். குரலில் வெல்லம்.

"மேடம், அந்தத் தயாபரன் வெப்சைட்டுல எங்க மேல புகார் குடுத்திருக்கார். நாங்க போட்ட ரிப்போர்ட் பொய்யாம். அதை எடுக்கணுமாம்."

"என்ன ரிப்போர்ட் போட்டீங்க?"

"உள்ளதைத்தான். குறைபாடுள்ள வேலை, பிள்ளைங்க பாதுகாப்புல அலட்சியம். அவரோட ரேட்டிங் விழுந்துடுச்சு, அதான் குதிக்கிறார். நீங்க ஒரு ஸ்டேட்மெண்ட் தரணும். மூணு நிமிஷ மாத்தம் அவர் இஷ்டத்துக்குப் பண்ணது, நீங்க கண்டுபிடிச்சு சரி பண்ணீங்க. அவ்வளவுதான். டிராஃப்ட் நானே அனுப்பறேன்."

"சார், அந்த போன் கால்ல நானும் இருந்தேன்."

"அதனாலதான் கேக்கறேன்." உடனே அடுத்ததையும் சொன்னார். "ஏப்ரல்ல இருந்து உங்களை நிரந்தரமா எடுத்துக்கலாம்னு எம்.டி.கிட்ட பேசியிருக்கேன். பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் வரும். அம்மா வேற உங்ககூட இருக்காங்க இல்லையா?"

"அவர் என்னைச் சாட்சியா போட்டிருக்காரா?"

"அதான் ஆச்சரியம், போடல. சாட்சிங்கற இடத்துல யாரும் இல்லைன்னு எழுதியிருக்கார். அப்ப அவர் பக்கம் பேச ஆளே இல்லை. நமக்கு ஈஸி."

போனை வைத்துவிட்டுத் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். ஒரே சேலையை இரண்டு தடவை பிழிந்தேன்.

யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறார். நான் இருந்தது அவருக்கு மறந்திருக்காது. அந்த ஷரத்து அவருடைய ஒப்பந்தத்திலும் இருக்கும். என் பெயரைச் சொன்னால் என் வேலை போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 18, புதன்

டிராஃப்ட் வந்தது. ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

வக்கீல் ஜெசிந்தாவைப் பார்த்தேன். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். என் வயதுதான் இருக்கும். ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நடுவில் வந்த போன் எதையும் எடுக்காமல் படித்தார்.

"ஒருத்தர் தொழில் பண்றதையே தடுக்கற மாதிரி ஷரத்து போட்டா, நம்ம சட்டத்துல பொதுவா செல்லாது. வேலை முடிஞ்ச பிறகும் ரெண்டு வருசம் பேசக் கூடாதுங்கறதெல்லாம் கோர்ட்டுல நிக்கறது கஷ்டம். ஆனா நீங்க இன்னும் அவங்ககிட்ட வேலையில இருக்கீங்க. அது வரைக்கும் கொஞ்சம் பாத்து நடக்கணும். அப்புறம், ப்ரோகிராம் அவங்க சொத்து. அவங்க ரகசியத்த வெளிய விடக் கூடாது. அது வேலை போனாலும் உங்களைக் கட்டுப்படுத்தும்."

"நடந்ததைச் சொன்னா?"

"புகாரை விசாரிக்க அந்த வெப்சைட் வைக்கிற மத்தியஸ்தர்கிட்ட நடந்தத நடந்தபடி சொல்றது ரகசியத்த விக்கறதாகாது. பொய்யில கையெழுத்து போடுன்னு எந்த ஒப்பந்தமும் கேக்க முடியாது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க அவருக்காகச் சாட்சி சொல்லணுமா, இல்ல அவர்கூடப் பேசணுமா?"

"சாட்சி சொல்லணும்."

"அப்ப பேசாதீங்க. விசாரணை முடியற வரைக்கும் ஒரு வணக்கம்கூட அனுப்பாதீங்க. அனுப்பினா ரெண்டு பேரும் சேர்ந்து ஜோடிச்ச கதைன்னுவாங்க. உங்க சாட்சி அத்தோட போச்சு."

எழுந்தபோது மறுபடி கேட்டார். "பேசாம இருந்துக்கிடுவீங்கல்லா?"

இவ்வளவு நாள் இருந்தேனே என்றேன்.

இணையதளத்தில் அவர் பக்கம் இருக்கிறது. படம் இல்லை, ஒரு வேப்ப மரம் போட்டிருக்கிறார். அதன் கீழே செய்தி அனுப்பும் பொத்தான். நேற்று வரை அந்தப் பெட்டியில் எதையாவது தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து அந்தப் பக்கத்தையே திறக்கக் கூடாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மத்தியஸ்தருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். செப்டம்பர் அழைப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும். தயாபரன் நல்லவர், திறமைசாலி என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு நீக்கினேன். அது சாட்சியம் இல்லை.

பிறகு பிரசன்னாவிடம் நானே சொன்னேன். ஒளிந்து செய்த மாதிரி இருக்கக் கூடாது.

"யோசிச்சுத்தான் பண்ணீங்களா மேடம்?"

"ஆமா சார்."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார்."

அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. இரண்டு பேருமே அதைத் திருத்தவில்லை.

மார்ச் 2, திங்கள்

ஒப்பந்தம் ரத்து. பதினைந்து நாள் நோட்டீஸ். அம்மாவிடம், வேலை குறைவாக இருக்கிறது என்றேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, தலையாட்டினாள்.

மார்ச் 18, புதன்

இன்று ப்ரோகிராமின் எல்லாப் பிரதிகளையும் என் லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டு, அழித்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ளதுதான்.

அழிக்கும் முன் அவர் எழுதிய தமிழ்க் குறிப்புகளை மட்டும் தேடி எடுத்து ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

"இஞ்ச கொஞ்சம் பொறுமை வேணும்."

"இந்த வழி வடிவில்லை, ஆனா வேலை செய்யும். பிறகு வடிவாக்குவம்."

"செண்பகா நேற்று சொன்னதுதான் சரி. நான் பிழை."

"இண்டைக்கு மழை. இணையம் விட்டு விட்டு வருது. மிச்சத்தை நாளைக்கு."

அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கு அதனால் ஒரு பைசா நஷ்டமும் இல்லை. போனைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். ஆனால் அந்த வரிகள் அவர்களுடைய ப்ரோகிராமுக்குள் இருந்தவை. பொறுப்பேற்பதாகச் சொன்ன வாக்கில் அவர்கள் தவறினார்கள் என்றுதானே நான் எழுதிக் கொடுத்தேன்? அதே மாதத்தில் நானும் தவறினால், எழுதியதற்கு என்ன மரியாதை?

அழித்தேன். எழுதியும் கொடுத்தேன்.

மழை பெய்த அன்றைய குறிப்பில் 'மிச்சத்தை நாளைக்கு' என்றா, 'மிச்சம் நாளைக்கு' என்றா? சாயங்காலமே குழம்பிவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

ஒரு ஜவுளிக் கடைக்கு பில் போடும் ப்ரோகிராம். முதலாளி நேரில் வரச் சொல்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்காமல் எப்படிம்மா எழுதுவ என்கிறார். நல்ல மனிதர். இந்தத் தடவை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்திய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. மாற்றம் கம்பெனி சொல்லித்தான் நடந்தது என்று மத்தியஸ்தர் ஏற்றுக்கொண்டார். தயாபரன் மேல் போட்ட ரிப்போர்ட்டை எடுத்துவிட்டார்கள். சாட்சி என்பதால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள்.

கோயில் திருவிழா நடக்கிறது. அக்காவோடு போய்க் கூட்டத்தில் நின்றேன். வளையல் வாங்கினேன். எதற்கென்று அக்கா கேட்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

இணையதளத்தில் அவரிடமிருந்து செய்தி.

"செண்பகா, நான் உங்கட பேரைச் சொல்லேல்லை. நீங்களாப் போய் எழுதியிருக்கிறீங்கள். தீர்ப்பில உங்கட பேரைப் பார்த்திட்டுக் கனநேரம் கதிரையிலயே இருந்தன். வேலையும் போயிட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை. அந்த ஷரத்து உங்களுக்கும் இருக்கும், பதில் போட்டுச் சிக்கல்பட வேண்டாம்."

வக்கீலிடம் கேட்டாயிற்று, சிக்கல் இல்லை என்று பதில் போட்டேன். மூன்று வரி. அதை எழுதக் காலையிலிருந்து மாலை வரை ஆனது.

ஏப்ரல் 16, வியாழன்

நியாயம் கிடைத்தது, ஆனால் தாமதமாக. ரேட்டிங் விழுந்திருந்த காலத்தில் அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை. அதனால் தோஹாவில் ஒரு அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மகளைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். 24ஆம் தேதி பயணம். கொழும்பிலிருந்து சென்னை வந்து விமானம் மாறிப் போகிறார். சென்னையில் சில மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டுமாம். விசா இல்லாமல் வெளியே விட மாட்டார்கள்.

"சென்னையில இருக்கேக்க கோல் எடுக்கட்டோ? ஒருக்கா வேலை இல்லாமக் கதைப்பம்" என்று கேட்டு நம்பர் அனுப்பியிருந்தார். நானும் அனுப்பினேன்.

ஏப்ரல் 22, புதன்

லேப்டாப்பில் விசிறிச் சத்தம் அதிகமாக இருக்கிறது. சென்னையில் காட்டுவதுதான் நல்லது. ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

பையில் துணி வைக்கும்போது அம்மா வந்து நின்றாள்.

"அந்த நீலச் சேலையா? வெயிலு காலத்துல பட்டுமாதிரி மினுங்குத அதயா உடுத்திட்டுப் போவ?"

"சுருக்கம் விழாதும்மா."

"கடல மிட்டாய் யாருக்குட்டி?"

"லேப்டாப் சர்வீஸ்காரங்களுக்கு. நல்லா பாப்பாங்க."

அம்மா இன்னொரு பொட்டலத்தையும் எடுத்து வைத்தாள். 

ஏப்ரல் 24, வெள்ளி

எழும்பூர் ஸ்டேஷனில், திரும்பிப் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன்.

காலையில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். வெளியே வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் நானும் போய் நின்றேன். பெயர் எழுதிய அட்டைகளோடு டிரைவர்கள் நின்றார்கள். ஒரு குடும்பம் மாலையோடு வந்திருந்தது. யாருக்காக என்று என்னிடம் யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் போன் வந்தது.

"செண்பகா? தயாபரன் கதைக்கிறன். வீட்டிலயோ?"

"ஆமா."

"வேலையைக் குழப்பேல்லைத்தானே?"

"இல்ல, சும்மாதான் இருக்கேன்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எப்படித் தொடர்வதென்று தெரியவில்லை. முன்பெல்லாம் பேச்சு நின்றால் எந்த வரியில் தவறு என்று போய்விடுவோம். மகளைப் பற்றிக் கேட்டேன். வழியனுப்ப வந்தவள் அழவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார். அப்போது தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறியது. அந்தச் சத்தத்தில் அவர் சொன்ன இரண்டு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்ததும் அவர் கேட்டார்.

"உங்கட வீட்டுக்கு மேலாலயும் இப்ப ஒரு பிளேன் போனதோ?"

கூட்டத்திலிருந்து இரண்டடி விலகி நின்றேன்.

"செண்பகா, எங்க நிக்கிறீங்கள்?"

"வெளியிலதான். வாசல்ல."

போனை வைக்காமலே அவர் யாரிடமோ போய் ஆங்கிலத்தில் கேட்பது எனக்குக் கேட்டது. "டிரான்சிட்ல வெளிய போக முடியாது சார்" என்று ஒரு குரல் தமிழில் சொன்னது, கோபமில்லாமல். அவர் திரும்பி வந்தார்.

"விடமாட்டினமாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ வந்தனீங்கள்?"

"ஆமா."

 பிறகு வேகமாக நடக்கிற சத்தம். "இஞ்சால ஒரு கண்ணாடி இருக்கு. ரோடு கொஞ்சம் தெரியுது. என்ன நிறம் உடுத்திருக்கிறீங்கள்?"

"நீலச் சேலை."

"கன சனம் நிக்குது... கையைத் தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினேன். வெயில் கண்ணில் அடித்தது. மேலே எல்லாக் கண்ணாடியும் வானத்தைத்தான் காட்டியது. எந்தக் கண்ணாடி என்று தெரியாமல், எல்லாவற்றையும் பார்த்துக் கையைத் தூக்கி நின்றேன். எனக்குச் சற்றுத் தள்ளி நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் கையை ஆட்டி டாக்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றார் அவர்.  "ஓம், தெரியுது. ஒரு நீலம் தெரியுது. நீங்கள்தானே?"

"நான்தான்" என்றேன்.

அந்தப் பெண் டாக்சியில் ஏறிப் போய்விட்டாள். நான் கையை இறக்கவில்லை.